சின்னக் கடைக்குப் படமும் எழுத்தும்: முதலில் நோட்டு, அப்புறம் கேமரா

தனியாள் நடத்தும் கடை, பட்டறை, இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஓட்டும் சின்னத் தொழில் என்றால் படம் எடுத்துக் கொடுப்பவர் ஒருவர், எழுதிக் கொடுப்பவர் இன்னொருவர் என்றுதான் பெரும்பாலும் நடக்கிறது. படக்காரர் வந்து வளைத்து வளைத்து எடுத்து ஒரு மூட்டை படத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், எது எதற்கு என்று சொல்ல மாட்டார். எழுதுபவர் கடை வாசலைக்கூட மிதிக்காமல் 'தரமே எங்கள் அடையாளம்' என்று நாலு பத்தி அனுப்பிவிடுவார். கடைசியில் கடையைச் சாத்தின பிறகு முதலாளி தனியாக உட்கார்ந்து எந்தப் படத்துக்குக் கீழே என்ன போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வார். இரண்டையும் நீங்களே செய்து கொடுக்க முடியும் என்றால் இந்த இடைவெளியில் உங்களுக்கு வேலை இருக்கிறது. ஆனால் இரண்டும் தெரிந்தால் மட்டும் போதாது, எதை முதலில் செய்வது என்பதில்தான் விஷயம். என் கட்சி இது: எழுத்து முதலில். என்ன சொல்லப் போகிறோம் என்று தெரிந்த பிறகு எடுக்கிற படம் குறைவாக இருக்கும், எல்லாமே பயன்படும்.

முதல் தடவை கேமரா இல்லாமல் போங்கள்

முதல் சந்திப்புக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். கேமராவைப் பார்த்ததும் ஆள் விறைத்துப்போய் மேடைப் பேச்சு மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார். சம்மதம் கேட்டுவிட்டு போனில் பேச்சைப் பதிவு செய்துகொள்ளலாம், ஏனென்றால் அவர் சொல்லும் சொற்கள் அப்படியே வேண்டும், நீங்கள் சுருக்கி எழுதிக்கொண்டால் அதில் பாதி போய்விடும்.

'உங்கள் கடையின் சிறப்பு என்ன?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'தரம்' என்பார், முடிந்தது. அதற்குப் பதில், போனில் திரும்பத் திரும்ப என்ன கேட்கிறார்கள், எந்த வேலை வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவீர்கள், யாருக்கும் தெரியாமல் அதிக நேரம் தின்கிற வேலை எது, கடைசியாக வந்த புகார் என்ன, ஒரு தடவை வந்தவர் மறுபடி எதற்காக வருகிறார் என்று கேளுங்கள். திருப்பி அனுப்பும் வேலையைப் பற்றிக் கேட்டால் மனிதர் உண்மையாகப் பேச ஆரம்பித்துவிடுவார். அதன் பிறகு சும்மா ஒரு ஓரமாக நின்று வருகிறவர்கள் கேட்பதைக் கவனியுங்கள். இணையத்தில் கடையைப் பற்றி வந்திருக்கும் கருத்துகளில் ஐந்து நட்சத்திரத்தை விட மூன்று நட்சத்திரம்தான் உங்களுக்கு உதவும், அதில்தான் வாடிக்கையாளர் எதை எதிர்பார்த்து வந்தார் என்பது இருக்கும்.

ஒரு புத்தக பைண்டிங் கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளி பேச்சுவாக்கில் இப்படிச் சொல்கிறார்: 'வெறும் பசை போட்டு ஒட்டினா கொஞ்ச நாள்ல முதுகு காஞ்சு பக்கம் பக்கமா கையோட வந்துடும். நாங்க தைச்சுத்தான் கொடுப்போம். விரிச்சு வெச்சா அது பாட்டுக்குப் படுத்திருக்கும், கை வெச்சு அமுக்க வேண்டாம்.' இதுதான் தங்கம். இதை 'நவீன தொழில்நுட்பத்துடன் கூடிய தரமான புத்தகக் கட்டுமானம்' என்று மாற்றி எழுதுகிறவரை யாராவது நிறுத்த வேண்டும்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை வரி வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் படம் வேண்டுமா வேண்டாமா என்று குறியுங்கள். 'விரித்தால் தட்டையாகப் படுத்திருக்கும்' என்ற வரிக்குப் படம் கட்டாயம் வேண்டும், யாருடைய கையும் தொடாமல் ஒரு தடித்த புத்தகம் நடுவில் விரிந்து கிடக்கிற படம். 'தைத்துக் கட்டுகிறோம்' என்பதற்கு ஊசி மடிப்புக்குள் நுழைந்து மெழுகு பூசிய நூல் பின்னால் வருகிற நெருக்கமான படம். 'மூன்று நாள் ஆகும்' என்பதற்குப் படம் தேவையே இல்லை. 'செல்லரித்த தாளை எடுப்பதில்லை' என்பதற்கும் தேவையில்லை, ஆனால் அந்த வரி பக்கத்தில் எங்காவது இருந்தே ஆக வேண்டும், வீணாக ஒருவர் அலைவது மிச்சம். இப்படி முடிக்கும்போது கையில் எடுக்க வேண்டிய படங்களின் பட்டியல் தானாக வந்திருக்கும். அதை முதலாளிக்கு அனுப்பி, எந்த நாளில் இந்த வேலையெல்லாம் ஒன்றாக நடக்கும் என்று கேட்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தையல் நடக்காத நாளில் போய் நின்றால் தையலை நடித்துக் காட்டச் சொல்ல வேண்டியிருக்கும், நடிப்பு படத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

வெளிச்சம்

கேமரா எது என்பதை விட வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். நல்ல போன் இருந்தாலே சின்னக் கடையின் இணையத் தேவைக்கு முக்கால்வாசி வேலை ஆகிவிடும். முதல் வேலை, லென்ஸைத் துணியால் துடையுங்கள். சிரிக்க வேண்டாம், மங்கலாக வருகிற படங்களில் பலவற்றுக்குக் காரணம் விரல் எண்ணெய்தான்.

அடுத்தது, ஜன்னல் வெளிச்சம் இருந்தால் உள்ளே எரிகிற விளக்குகளை அணையுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 கெல்வின். இரண்டும் கலந்து விழுந்தால் மேசையின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் இருக்கும், ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே வரும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை) எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்று கெடும். ஜன்னலே இல்லாத கடை என்றால் ஒரே வகை விளக்கை மட்டும் எரியவிட்டு, ஒரு வெள்ளைத் தாளையோ சாம்பல் அட்டையையோ வைத்து ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்துகொள்ளுங்கள். விளக்கில் எடுக்கும்போது படத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள் ஓடினால் பயப்பட வேண்டாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும், அதனால் ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் பதியும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 1/60 அல்லது 1/120. போனில் புரோ மோடு (அமைப்புகளைக் கையால் மாற்றும் முறை) இருந்தால் அதில் இதை மாற்றலாம்.

ஜன்னலில் நேர் வெயில் அடித்தால் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிடுங்கள். பொருளுக்குப் பக்கத்தில் எவ்வளவு பெரிய வெளிச்சப் பரப்பு இருக்கிறதோ அவ்வளவு மென்மையாக நிழல் விழும், அதனால் பொருளை ஜன்னலுக்கு நெருக்கமாகக் கொண்டுபோங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை தெர்மாகோல் பலகையை நிறுத்தினால் இருட்டுப் பக்கம் கொஞ்சம் தெளியும். மரம், தோல், துணி, கையால் செய்த காகிதம் போன்றவற்றுக்கு வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும், அப்போதுதான் அதன் சொரசொரப்பு எழுந்து வரும். உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

பாத்திரம், நகை, கண்ணாடி இதெல்லாம் வேறு ரகம். பளபளக்கிற உலோகத்தில் நீங்கள் பார்ப்பது உலோகத்தை அல்ல, அதில் தெரிகிற அறையை. உங்கள் சட்டை, கூரை விளக்கு, எதிர்க் கடை போர்டு எல்லாம் அதில் இருக்கும். அதனால் உலோகத்தில் எது பிரதிபலிக்கிறதோ அந்த இடத்தில் வெள்ளை அட்டையைப் பிடியுங்கள், உலோகம் சுத்தமாகிவிடும். கண்ணாடிக் குப்பிக்குப் பின்னால் வெள்ளைப் பின்னணி வைத்து, படத்தில் தெரியாத அளவு தள்ளி இரண்டு பக்கமும் கருப்பு அட்டை நிறுத்தினால் ஓரங்களில் மெல்லிய கருங்கோடு விழுந்து வடிவம் தனியாகத் தெரியும். இந்த ஒரு வித்தையைப் பார்த்துவிட்டுத்தான் பல முதலாளிகள் உங்களை நம்ப ஆரம்பிப்பார்கள்.

வெள்ளைப் பொருளை வெள்ளை மேசையில் வைத்து எடுத்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும், எல்லாவற்றையும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுப்பது அதன் குணம். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் அளவு (இரு மடங்காக) கூட்டுங்கள். கருப்புப் பொருளுக்கு அதே அளவு குறையுங்கள்.

போனின் சாதாரண லென்ஸ் முழுச்சட்டக் கேமராவில் (35 மி.மீ. பிலிம் அளவு சென்சார் உள்ளது) சுமார் 24 முதல் 26 மில்லிமீட்டருக்குச் சமம், அதாவது அகலக் கோணம். பக்கத்தில் போய் எடுத்தால் முன்னால் இருப்பது வீங்கிப் பின்னால் இருப்பது சுருங்கும், முகம் என்றால் மூக்குதான் முதலில் கண்ணில் படும். போனில் தனி ஜூம் லென்ஸ் இருந்தால் பின்னால் தள்ளி நின்று அதில் எடுங்கள். கடையின் உட்புறத்துக்கு மட்டும் அகல லென்ஸ் சரி, ஆனால் மூலையில் நின்று, நெஞ்சு உயரத்தில், போனை மேலும் கீழும் சாய்க்காமல் எடுக்க வேண்டும். சாய்த்தால் அலமாரியெல்லாம் விழப்போவது போல இருக்கும்.

ஒவ்வொரு காட்சியையும் தூரம், நடுத்தரம், நெருக்கம் என்று மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள், அத்துடன் நிமிர்ந்த படம் ஒன்று, கிடைப்படம் ஒன்று. இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 4:5, ஸ்டோரிக்கு 9:16, வலைத்தளத்தின் தலைப்புப் படத்துக்கு நல்ல அகலம் வேண்டும், ஒரே படத்தை மூன்றுக்கும் வெட்டினால் எதிலாவது தலை போகும். சில படங்களில் ஒரு பக்கம் வெற்றிடம் விட்டு எடுங்கள், பிறகு எழுத்து வைக்க உதவும்.

ஆட்களும் பின்னணியும்

'சிரிங்க' என்று சொல்லாதீர்கள். கையில் வேலை கொடுங்கள். பைண்டிங்காரர் எலும்புத் தகட்டால் மடிப்பை அழுத்தித் தேய்க்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறார் என்றால் அதுதான் அவர் முகம். ஒரு அசைவு கைநழுவிப் போனால் 'அதையே மெதுவாக இன்னொரு தடவை செய்யுங்கள்' என்று கேட்கலாம், அது நடிப்பாகாது. கையை எடுக்கும்போது நகத்தில் ஒட்டியிருக்கும் பசையைத் துடைக்கச் சொல்ல வேண்டாம், வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும்.

வாடிக்கையாளர் முகம் அடையாளம் தெரியும்படி வந்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், குழந்தை என்றால் பெற்றோரிடம். வேலையாட்களிடமும் கேட்க வேண்டும், முதலாளி சரி என்றால் அவர்களும் சரி என்று ஆகிவிடாது. நாளைக்கே ஒருவர் வேறு வேலைக்குப் போகலாம், அதனால் தலைப்புப் படத்தில் ஒரே ஒரு வேலையாளின் முகத்தைப் பெரிதாக வைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

பின்னணியைப் பெரிதாக்கி ஒரு மூலை விடாமல் பாருங்கள். திறந்து கிடக்கும் ஆர்டர் நோட்டில் யாருடைய போன் எண், சுவரில் ஒட்டிய வைஃபை கடவுச்சொல், கொக்கியில் தொங்கும் கடைச் சாவி, கல்லாவுக்குள் தெரிகிற பணம் எல்லாம் சத்தமில்லாமல் படத்துக்குள் வந்துவிடும்.

திருத்துவதில் எனக்கு ஒரு கோடு உண்டு. தூசியை அழிக்கலாம், மேசையில் இருக்கும் தண்ணீர்க் கறையை அழிக்கலாம், விற்கிற பொருளின் நிறத்தையும் குறையையும் தொடக் கூடாது. துணிக்கடை என்றால் துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திரையில் நிறத்தைச் சரிபாருங்கள், நிறம் வேறாக வந்ததென்று துணி திரும்பி வந்தால் நஷ்டம் கடைக்காரருக்கு. செயற்கை நுண்ணறிவில் செய்த கடைப் படத்தையும் அப்படியே சொல்வேன்: படத்தில் பார்த்த கடை ஒன்று, நேரில் பார்க்கிற கடை வேறொன்று என்றால் வந்தவர் வாசலிலேயே சந்தேகத்தோடு நிற்பார்.

இப்போது எழுத்தை முடிப்பது

முதலில் எழுதி வைத்த வரிகளை எடுத்து, தேர்ந்தெடுத்த படங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். படத்தில் தெரிவதை வரியிலிருந்து வெட்டுங்கள். ஊசி தெரிகிற படத்துக்குக் கீழே 'ஊசியால் தைக்கிறோம்' என்று எழுதுவதில் என்ன இருக்கிறது? படத்தில் தெரியாதது எது? எவ்வளவு நேரம், ஏன் அப்படி, என்ன பொருள், செய்யாவிட்டால் என்ன ஆகும். அதை எழுதுங்கள். 'மெழுகு பூசிய நூல். மெழுகு இருந்தால் நூல் சிக்காது, போட்ட முடிச்சு நழுவாது.' அவ்வளவுதான், குறிப்பு முடிந்தது.

இந்த வரியை வேறு கடையின் பெயரில் போட்டாலும் பொருந்துமா என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். பொருந்தினால் அடியுங்கள். தரமான, நம்பகமான, வாடிக்கையாளர் திருப்தியே என்பதெல்லாம் முதல் சுற்றிலேயே போய்விடும். 'எங்களிடம் தரமான முறையில் நியாயமான கட்டணத்தில் அனைத்து வகையான பைண்டிங் வேலைகளும் செய்து தரப்படும்' என்பது இருந்த இடத்தில் இப்படி வரலாம்: 'நூலால் தைத்துக் கட்டுகிறோம், அதனால் புத்தகம் விரித்த பக்கத்திலேயே நிற்கும். ஒரே ஒரு புத்தகம் என்றாலும் கொண்டுவாருங்கள். செல்லரித்த தாள் மட்டும் எங்களால் முடியாது.' பிறகு முதலாளிக்கு வாசித்துக் காட்டுங்கள், கட்டாயம் சத்தமாக. அவர் தலையாட்டினால் சரி, 'நான் இப்படிப் பேச மாட்டேனே' என்று நெளிந்தால் பதிவை மறுபடி கேட்டு அவர் சொல்லைத் திரும்ப வையுங்கள்.

இடத்துக்கு இடம் அளவு மாறும். கூகுளில் கடை விவரத்துக்கு 750 எழுத்துக்குறிகள், இன்ஸ்டாகிராம் அறிமுகத்துக்கு 150, அங்கே பதிவின் குறிப்புக்கு 2200 வரை போகலாம் என்றாலும் முதல் ஓரிரு வரிதான் விரிக்காமல் தெரியும், எனவே சொல்ல வேண்டியதை அங்கேயே சொல்லிவிடுங்கள். தமிழில் எழுதும்போது புள்ளியும் கொம்பும் காலும் பெரும்பாலான இடங்களில் தனிக் குறியாகக் கணக்காகும், நீங்கள் எண்ணுவதை விட இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். படத்தின் மேல் தமிழ் எழுத்து வைத்தால் கொம்பு இடம் மாறி உடைந்து நிற்கிறதா என்று ஒரு போனில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள், சில வடிவமைப்பு மென்பொருள்கள் இன்னும் சொதப்புகின்றன.

கடை திறக்கும் நேரம், விடுமுறை, வண்டி நிறுத்த இடம், வாசலில் படி எத்தனை, சக்கர நாற்காலி உள்ளே வருமா, எப்படிப் பணம் கட்டலாம் என்பதை எழுதச் சோம்பல் படாதீர்கள். அழகான பத்தியை விட இதைத் தேடித்தான் அதிகம் பேர் வருவார்கள். 'எங்கள் கதை' பக்கத்தைக் கடை தொடங்கிய ஆண்டிலிருந்தும் தாத்தாவிடமிருந்தும் ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, இன்று காலை கடையில் என்ன வேலை நடந்தது என்று ஆரம்பித்தாலும் கதைதான். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை ஒரு வரி எழுதுங்கள், பார்வையில்லாதவருக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக் காட்டும். 'மர மேசையில் விரிந்து கிடக்கும் தடித்த புத்தகம், நடுவில் தையல் நூல் தெரிகிறது' என்பது போல இருப்பதைச் சொன்னால் போதும், தேடுசொற்களைத் திணிக்கிற இடம் அதுவல்ல.

கட்டணமும் காகிதமும்

கட்டணத்தைப் படத்தின் எண்ணிக்கையில் வைத்தால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். படம் எடுக்கும் நேரம் சின்னது, முன்னால் பேசுவது, தேர்ந்தெடுப்பது, திருத்துவது, எழுதுவது, திரும்ப எழுதுவது எல்லாம் சேர்ந்தால் அதைப் போலப் பல மடங்கு. எனவே ஒரு சந்திப்பு, அரை நாள் படப்பிடிப்பு, இத்தனை படம், அதற்கான எழுத்து, இரண்டு சுற்றுத் திருத்தம் என்று ஒரு கட்டாகச் சொல்லுங்கள், மூன்றாவது சுற்றுக்குத் தனிக் கட்டணம். பாதிப் பணம் முன்னால் வாங்குங்கள். தெரிந்தவர் என்பதால் கேட்கக் கூச்சமாக இருந்தால் அதையும் தாளில் எழுதி அனுப்பிவிடுங்கள், வாயால் கேட்பதை விட எளிது.

1886இல் உருவான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் பதிப்புரிமை பதிவு செய்யாமலேயே படைப்போடு கூடப் பிறந்துவிடும். ஆனால் காசு கொடுத்து எடுத்த படம் யாருக்குச் சொந்தம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதனால் எங்கெல்லாம் பயன்படுத்தலாம், எத்தனை காலம், பொருள் சப்ளை செய்யும் கம்பெனி கேட்டால் கடைக்காரர் கொடுக்கலாமா, நீங்கள் உங்கள் மாதிரித் தொகுப்பில் காட்டலாமா என்று நாலு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய வக்கீல் பாஷை வேண்டாம், இருவருக்கும் புரிந்தால் போதும்.

ஒப்படைக்கும்போது

இரண்டு கோப்புறை. இணையத்துக்கு நீளப் பக்கம் 2000 பிக்சல் அளவில் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (திரைகளுக்கான பொதுவான நிற அளவுகோல்) ஜேபெக், அச்சுக்கு முழு அளவு. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று அச்சடிக்க 2480க்கு 3508 பிக்சல் தேவை, இணையக் கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு மங்கலாக இருக்கிறதென்று அவர் உங்களைக் கூப்பிடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள் அல்லது இணைப்புக் கொடுங்கள். வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர் என்றால் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுக் கொடுப்பது முக்கியம், இல்லையென்றால் கோப்பை வாங்குகிற யாரும் வீட்டு இருப்பிடத்தைப் படித்துவிடலாம். கோப்பின் பெயர் கேமரா கொடுத்த எண்ணாக இருக்கக் கூடாது, 'தைத்த புத்தகம் விரித்தது 1' என்று இருந்தால் அவரே தேடி எடுத்துக்கொள்வார். எழுத்து ஆவணத்தில் அதே பெயரைப் போட்டு, கீழே குறிப்பு, அதற்குக் கீழே மாற்று உரை. அவர் செய்ய வேண்டியது நகலெடுத்து ஒட்டுவது மட்டுமாக இருக்கட்டும்.

படத்தின் மேல் விலையை எழுதித் தராதீர்கள். விலை ஏறும் நாளில் படமே செத்துவிடும். விலையும் நேரமும் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் சாதாரண எழுத்தாக இருந்தால் அவரே மாற்றிக்கொள்ளலாம், எப்படி மாற்றுவது என்று அவர் போனிலேயே ஒரு தடவை செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் பக்கத்தில் கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற பழைய கணக்கு போதும். எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதையும் அந்தக் கையெழுத்துத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள், இரண்டு வருடம் கழித்து 'அன்னைக்கு எடுத்த படம் இருக்கா?' என்று கட்டாயம் கேட்பார்கள்.